ஒற்றை விசிலுக்கு நிற்கும் கை

நீடாமங்கலத்துக்கும் கும்பகோணத்துக்கும் இடையே இருபத்தொன்பது வருடம் தனியார் பஸ் ஓட்டியவர் கோவிந்தராசு. ஓய்வு பெற்ற மறுநாள் காலை, வாழ்க்கையில் முதல்முறையாக அவசரமில்லாமல் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அடுக்களையில் குக்கர் ஒரு விசில் அடித்தது. இட்லி வாய்க்கு நாலு விரற்கடை தள்ளி அந்தரத்தில் நின்றுவிட்டது.

"என்னங்க, பல்லு வலியா?" என்றாள் மனைவி ரெங்கம்மாள்.

"இல்லியே..." அவருக்கே புரியவில்லை. வலது கால் மட்டும் தரையைப் போட்டு அழுத்திக்கொண்டிருந்தது.

காரணம் பழசு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், கண்டக்டர் இரட்டை விசில் கொடுக்கும் முன்பே பொறுக்காமல் வண்டியை எடுத்துவிட்டார். கூடையோடு படியில் ஏறிக்கொண்டிருந்த வைரக்கண்ணு என்ற அம்மாள் கீழே விழுந்து கை முறிந்தது. ஜனங்கள் இவர் சட்டையைக் கிழித்தார்கள். முதலாளி ஒரு மாதம் வீட்டுக்கு அனுப்பினார். அன்றிலிருந்து ஒற்றை விசில் கேட்டால் போதும், உடம்பு முழுக்கப் பிரேக்தான். பின்னால் எத்தனை லாரி அலறினாலும் இரட்டை விசில் வராமல் அவர் அசையமாட்டார். இரட்டை விசில் வந்துவிட்டாலோ, கேட்க வேண்டாம்.

ஒருநாள் அடுத்த வீட்டுப் பிரகதாம்பாளின் குக்கரும் இவர்கள் வீட்டுக் குக்கரும் அடுத்தடுத்து அடித்தன. கோவிந்தராசு சாம்பார் கையோடு எழுந்து தெருமுனை வரை போய்விட்டார்.

"எங்கண்ணே கெளம்பிட்டீங்க?" என்று கேட்டாள் பிரகதாம்பாள்.

"தெரியலம்மா. வலங்கைமான் பக்கம்னு நெனக்கிறேன்."

ரெங்கம்மாளுக்கு இதில் ஒரு வழி தெரிந்தது. கோவிந்தராசுவுக்குச் சர்க்கரை முந்நூறைத் தொட்டு ரெண்டு வருடமாகிறது. டாக்டர் சொல்லியும் இனிப்பைக் கண்டால் கை அவரைக் கேட்காமலே போய்விடும். ரெங்கம்மாள் ஒரு விசில் வாங்கித் தாலிக்கயிற்றோடு சேர்த்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். அவர் கை மைசூர்பாகுப் பக்கம் நகர்ந்தால் ஒரு ஊது. கை நின்றுவிடும். ஒரு வாரம் வீடு ஒழுங்காக ஓடியது. ஒருமுறை மட்டும், ஊதிவிட்டு அவள் ரேஷன் கடைக்குப் போய்விட்டாள். திரும்பி வரும்போது மனுஷன் அலமாரி முன்னால் கையை நீட்டியபடியே நின்றிருந்தார்.

"இன்னும் ரைட் குடுக்கலியே நீ" என்றார் பரிதாபமாக.

பிறகு சொந்தத்தில் ஒரு நிச்சயதார்த்தம் வந்தது. மண்டபம் மெயின் ரோட்டின் மேலேயே இருந்தது. பந்தியில் கோவிந்தராசு இலையில் ஜாங்கிரி விழுந்ததைப் பார்த்த ரெங்கம்மாள், பெண்கள் வரிசையிலிருந்து ஊதினாள். கை நின்றது. அதே மூச்சில் வாசலில் கார்களை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த போலீஸ்காரரும் ஊதினார். ரெண்டாகிவிட்டது. ஜாங்கிரி உள்ளே போனது. பதறிப்போய் இவள் மறுபடி ஊத, போலீஸ்காரரும் மறுபடி ஊத, அடுத்த ஜாங்கிரியும் போனது. பரிமாறுகிறவர் இதை நல்ல பசி என்று எடுத்துக்கொண்டார். ஆறாவது ஜாங்கிரியில்தான் ரெங்கம்மாளுக்கு விஷயம் பிடிபட்டது. மறுநாள் சர்க்கரை நானூற்றுப் பத்து.

"இனிமே ஒரு வாய் தின்னா ஒரு டம்ளர் பாவக்கா சாறு" என்று சட்டம் போட்டாள் அவள்.

தண்டனை பலித்தது, ஆனால் அவள் நினைத்த மாதிரி இல்லை. அவளையோ விசிலையோ கண்டாலே கோவிந்தராசு கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். விசில் கண்ணில் படாத இடத்திலோ ஒரு பயமும் இல்லை. நெல் மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து அச்சுவெல்லத்தைக் கடித்தார். அப்படி உட்கார்ந்திருப்பது அவருக்கே கேவலமாக இருந்தது. இருந்தும் அடுத்த வெல்லத்தை எடுத்தார்.

அந்தச் சமயத்தில்தான் பழைய கண்டக்டர் லியாகத் அலி நாகூரிலிருந்து பார்க்க வந்தார். கதை முழுவதையும் கேட்டுவிட்டு, "அண்ணி, அண்ணன் நின்னப்பல்லாம் என்ன சொன்னீங்க?" என்றார்.

"நின்னா என்ன சொல்றது? நிக்க வேண்டியதுதானே!"

"அங்கதான் கோளாறு. வெறும் விசிலுக்கா இவரு வண்டி நின்னுச்சு? ஒவ்வொரு ஸ்டாப்புலயும், 'பிரமாதம்ணே, பூ மாதிரி நிறுத்திட்டீங்க'ன்னு கத்துவேன். அதக் கேக்கத்தான் அண்ணன் நிறுத்துவாரு."

கோவிந்தராசு தலையைக் குனிந்துகொண்டார். காது சிவந்துவிட்டது. இருபத்தொன்பது வருடம் அவர் யாரிடமும் சொல்லாத ரகசியம் அது.

பாராட்டுவது ரெங்கம்மாளுக்குப் பழக்கமில்லாத காரியம். கல்யாணமான முப்பத்து நாலு வருடத்தில் அவள் சொன்ன அதிகபட்சப் புகழ்ச்சி, "பரவால்ல." மறுநாள் அதிரசத் தட்டின் முன் அவர் கையை இழுத்துக்கொண்டபோது, சுவரைப் பார்த்தபடி, ரயில்வே அறிவிப்பு மாதிரி சொன்னாள்: "நல்லா... நிறுத்துனீங்க."

கோவிந்தராசு தட்டையே தூரத் தள்ளிவிட்டார். "இன்னொரு தரம் சொல்லு."

"ஒரு தரம் சொன்னது போதாதா?" என்று அதட்டினாலும், சாயங்காலம் அவளாகவே ஒருமுறை சொன்னாள். இந்தத் தடவை சுவரைப் பார்க்கவில்லை.

மூன்று மாதத்தில் சர்க்கரை நூற்றறுபதுக்கு இறங்கியது. கூடவே புதுத் தொல்லை ஒன்றும் ஏறியது. வீட்டிலிருக்கும் ஒரு தட்டு அவருக்குப் போதவில்லை. காலையில் பஸ் ஏறிக் கும்பகோணம் போய், ஒவ்வொரு இனிப்புக் கடை வாசலிலும் நின்று, அல்வாவை நன்றாகப் பார்த்து, ஒன்றும் வாங்காமல் திரும்பி வந்து கணக்கு ஒப்பிக்கிறார்.

"இன்னைக்குப் பதினோரு கடை, ரெங்கம்மா. ஒரு கடையில சாம்பிள் வேற குடுத்தான். தொடலியே!"

பதினோரு கடைக்கும் தனித்தனியாகப் பாராட்டு வேண்டும். மொத்தமாகச் சொன்னால் முகம் தொங்கிப்போகிறது. ரெங்கம்மாள் உலையில் அரிசியைப் போட்டபடியே ஒவ்வொன்றாகச் சொல்லி முடிப்பதற்குள் சோறு குழைந்துவிடுகிறது.

"நாளைக்கு நாலு கடையோட திரும்பிடுங்க" என்று கெஞ்சினாள். "வயக்காட்டுல நடவு ஆளு வருது. எனக்கு வேலை கெடக்கு."

"அப்ப மகாமகக் குளத்துப் பக்கம் மட்டும் போறேன். அங்க எட்டே கடைதான்" என்று தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டார் கோவிந்தராசு.