அம்மாவின் கைக்கு வாய்த்த கல்

எங்கள் பிளாட்டின் கீழே வாட்ச்மேனின் சின்னப் பெண் செங்கல் துண்டால் வாதாங்கொட்டை உடைத்துக்கொண்டிருக்கிறாள். அந்த 'டொக்' சத்தம் கேட்டாலே எழுபதுகளின் தாம்பரம் வீட்டுக் கொல்லைக்குப் போய்விடுவேன்.

அப்பா சரித்திர வாத்தியார். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து பல்லாவரம் மலைப்பக்கம் போனவர், கைக்குட்டையில் ஒரு கல்லைப் பொதிந்து கொண்டுவந்தார்.

"கற்காலக் கோடாரி. லட்சம் வருஷத்துக்கு மேல இருக்கும்" என்று பிடித்துக் காட்டினார். விளிம்பு அவர் உள்ளங்கையில் குத்தியது. நான் பிடித்தபோதும் குத்தியது.

மாவுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்த அம்மா, அதை இடது கையால் எடுத்தாள். கட்டைவிரல் கல்லின் பள்ளத்தில் அளவெடுத்தாற்போல் படிந்தது.

அம்மா பிறவியிலேயே இடதுகைக்காரி. சிறுவயதில் அடித்து அடித்து வலதுக்கு மாற்றியிருந்தார்கள். எழுதுவது, பரிமாறுவது எல்லாம் வலது கையால்தான்.

"செஞ்சவனும் உன்ன மாதிரிதான் போல" என்றார் அப்பா.

"செஞ்சவன்னு ஏன் சொல்றீங்க, பொம்பளையா இருக்கக்கூடாதா?" என்றாள் அம்மா. கல்லைத் திருப்பிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "அவள யாரும் அடிக்கல பாருங்க."

அதற்கப்புறம் எங்களுக்கு அந்தக் கல்லால் வாதாங்கொட்டை உடைத்துத் தரும்போது மட்டும் அவள் கை மாற்றவே இல்லை.

"ஏய், இன்னாடி பீச்சாங்கையால அடிச்சிகினு கீற? கைய மாத்து!" கீழே அந்தப் பெண்ணின் அம்மா அதட்டுகிறாள்.

சுருக்கென்றது. ஷோகேஸிலிருந்து கல்லை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன்.

"அந்தக் கையிலயே பிடி கண்ணு."

சின்னக் கட்டைவிரல்தான். நேராகப் பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.