காந்தத்துக்குக் களைப்பு உண்டா

அறுவை மில்லின் வாள்பட்டை அறுந்து, அதை ஓட்டியவனின் வலது கையின் மூன்று விரல்களைக் கொண்டுபோனபோது நான் பத்தடி தள்ளி நின்றேன். விரல்கள் மரத்தூளில் விழுந்தன. படாக் என்ற அந்தமான் மரத்தின் தூள் சிவப்பு. ரத்தம் தனியாகத் தெரியவில்லை. மரத்தை அறுத்த இடத்தில், வாள் மோதிய இரும்பு முளை ஒன்று மின்னியது.

அந்த முளையைக் கண்டுபிடிக்க வேண்டியது என் வேலை.

நடு அந்தமானில், லாங் ஐலண்டிலிருந்து படகில் இரண்டு மணி நேரத் தூரத்தில் இருந்தது அந்த மில். அறுபதுகளின் தொடக்கம். எட்டாவதோடு பள்ளியை விட்டு, பல ஊர் சுற்றி, அங்கே ஒதுங்கியிருந்தேன். மரங்களில் முளையடித்து, சங்கிலியில் கோத்து, தெப்பமாக இழுத்து வருவார்கள். சில முளைகள் முறிந்து உள்ளேயே தங்கிவிடும். பழைய டைனமோவிலிருந்து கழற்றிய லாடக் காந்தத்தைக் கயிற்றில் கட்டி ஒவ்வொரு மரத்தின்மேலும் நகர்த்துவேன். இரும்பு இருந்தால் காந்தம் அந்தப் பக்கம் சாயும். மற்ற நேரத்தில் வாள் தீட்டும் இடத்து இரும்புத்தூளை அதால் பொறுக்கிக்கொண்டிருப்பேன். அன்று சாயவில்லை.

அடிபட்டவனின் அண்ணனுக்கும் அங்கேதான் வேலை. தூத்துக்குடிக்காரன். தம்பியின் கையில் சாக்கைச் சுற்றிப் படுக்கவைத்துவிட்டு வெட்டுக்கத்தியோடு வந்தான். என் கையை மரத்தின்மேல் வைத்து முழங்காலால் அழுத்தினான்.

“எலே, நாள் பூரா இரும்புத்தூளப் பொறுக்கி வெளையாடுனியே. காந்தத்துல இருந்த சக்தியெல்லாம் அதுலயே தீந்து போச்சுல்லா? எந்தம்பிக்கு என்னத்தல மிச்சம் வச்ச?”

அது சரிதான் என்று எனக்கும் பட்டது.

வங்காளி மிஸ்திரி, “ருக்கோ, ருக்கோ!” என்று ஓடிவந்து அவன் கத்திக்கையைப் பிடித்தார். காந்தத்தை எடுத்து ஓர் ஆணியைக் காட்டினார். ஆணி தாவி ஒட்டியது.

“யார் இழுத்தது?”

“காந்தம்.”

“அது காம் பண்ணிச்சு, வேலை. இப்ப நீ பிடுங்கு.”

அண்ணன் இடது கையால் பிடுங்கினான்.

“இப்ப காம் பண்ணது நீ. அது குடுத்தத நீ திருப்பிக் குடுத்துட்ட. கிணத்துல வாளி தானா விழுது, நாம மேல இழுக்கறோம். கிணறு களைச்சுப் போகுதா, சாலா? லட்சம் தடவ ஒட்டினாலும் காந்தம் தீராது.”

“அப்ப முளைய ஏன் பிடிக்கல?”

மிஸ்திரி காந்தத்தை ஒரு ஸ்பானர்மேல் வைத்துத் தூக்கினார். முன்பெல்லாம் அதைத் தூக்கும். இப்போது ஸ்பானர் அசையவில்லை.

“சூடு பட்டா போகும். அடி பட்டா போகும்,” என்று என்னைப் பார்த்தார்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் காந்தத்தில் தாடி மாதிரி ஒட்டிய தூளை உதிர்க்க, தினமும் பத்து இருபது தடவை அதை மரம் ஏற்றும் தள்ளுவண்டியின் தண்டவாளத்தில் ஓங்கி அடித்தவன் நான்.

“தட்டினேன்ணே.”

அண்ணன் கத்தியைத் திருப்பினான். அதன் முதுகு என் மணிக்கட்டில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. மறுபடி ஓங்கினான். மிஸ்திரி அவனை இடுப்போடு கட்டிக் கீழே சாய்த்தார். நான் அங்கேயே வாந்தி எடுத்தேன்.

போர்ட் பிளேர் ஆஸ்பத்திரிக்குச் சரக்குப் படகு ஒன்றுதான் இருந்தது. இருவரையும் அதில் பக்கத்துப் பக்கத்தில் படுக்கவைத்தார்கள். தம்பியின் சாக்கிலிருந்து ரத்தம் படகின் தளத்தில் சொட்டிக்கொண்டே இருந்தது. என் பக்கம் தலையைத் திருப்பிக் கேட்டான்:

“அந்தத் தூளத் துணியால வழிச்சிருக்கலாம்லா?”

“வழிச்சிருக்கலாம்.”

படுத்தபடியே என் முறிந்த கையை உதைத்தான். கையை மார்போடு சேர்த்துக்கொண்டு மறுபக்கம் திரும்பிப் படுத்தேன்.