இருநூற்றுப் பதினான்காம் நம்பரின் பெயர்

எழுபத்தேழு வயதில் முட்டி போட்டு உட்கார்ந்து, கல்லறைக் கல் ஒன்றைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டே திட்டுகிறாள் அர்டிஸ் க்ரோன். "போன சனிக்கிழமதான குளிப்பாட்டினேன்? அதுக்குள்ள பாசியா? வெக்கங்கெட்டவளே!" கல் பேசாமல் வாங்கிக்கட்டிக்கொள்கிறது. அதன் நெற்றியில் 214 என்று மட்டும் இருக்கிறது.

பக்கத்தில், அமெரிக்காவின் விஸ்கான்சின் சோளக்கொல்லைகளுக்கு நடுவே, பூட்டிக் கிடக்கும் செங்கல் கட்டடம் முதலில் கவுண்டி என்கிற மாவட்ட நிர்வாகத்தின் ஏழை விடுதி. நாதியற்ற கிழவர்களும் புருஷனைப் பறிகொடுத்தவர்களும் கல்யாணமாகாமல் பிள்ளை உண்டானவர்களும் உருளைக்கிழங்கு தோண்டி, பன்றிக்குத் தீனி வைத்து வயிற்றைக் கழுவினார்கள். ஒரு நாள் வாசல் பலகையை மாற்றி மனநோய் மருத்துவமனை என்று எழுதினார்கள். முந்தின நாள் ஏழையாகப் படுத்தவர்கள் மறுநாள் பைத்தியமாக எழுந்தார்கள். கட்டில்கூட மாறவில்லை.

பத்தொன்பது வயதில் அர்டிஸ் அதன் சலவை அறைக்கு வேலைக்கு வந்தாள். ஜன்னலில் நின்று நம்பர் சொன்னால்தான் துணி. பெயர் சொன்னால் கிடையாது. தலைமை நர்ஸ் மேட்ரன் வைத்த சட்டம். செத்தால் அதே நம்பர் கல்லுக்குப் போகும். மேட்ரன் அந்தப் பக்கம் திரும்பியதும் அர்டிஸ் கிசுகிசுப்பாள்: "உன் பேரு என்ன கண்ணு?" 214க்குப் பதில் சொல்ல மூன்று வாரம் பிடித்தது. தியா நோவாட்னி. ஏழை விடுதிக் காலத்தில், இருபத்தாறு வயதில், இரண்டு குழந்தைகளோடு வந்த விதவை. பிள்ளைகளை ஆளுக்கொரு பண்ணைக்குக் கொடுத்துவிட்டார்கள். அழுதாள். பலகை மாறிய பிறகு அந்த அழுகையையே நோய் என்று எழுதிக்கொண்டார்கள்.

அர்டிஸ் இறைச்சிக் கடையில் இன்றுவரை டோக்கன் எடுத்ததில்லை. கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். "என் பேரச் சொல்லிக் கூப்பிடு. இல்லன்னா உன் பன்னிக்கறிய நீயே தின்னு."

கல்லறைத் தோட்டத்தில் கிடப்பவை முந்நூற்றுப் பன்னிரண்டு கல். அவளுக்குத் தெரிந்தவை எழுபத்தொரு பெயர். மிச்சப் பேர் அவள் வருவதற்கு முன்பே செத்தவர்கள். அதற்கும் தன்னையே திட்டிக்கொள்வாள், ஏதோ பிறக்கத் தாமதித்தது அவள் குற்றம் மாதிரி.

இந்தச் சனிக்கிழமை கவுண்டி அதிகாரி கர்ட் லண்டீன் ஒரு பெட்டி டோனட்டோடு வந்தார். கல்லையெல்லாம் பிடுங்கிவிட்டு, 'இங்கே அடைக்கலம் கண்டவர்கள் நினைவாக' என்று ஒரே பெரிய கல்லாக நடப்போகிறார்களாம். கல்லறைகளைப் பார்த்துக்கொள்ளும் பழைய ஊழியர் கமிட்டி கையெழுத்துப் போட வேண்டும். கமிட்டியில் உயிரோடு இருப்பது அர்டிஸ் மட்டும்தான்.

"புல்லு வெட்டுற மெஷினுக்கு இடைஞ்சலா இருக்கும்மா," என்றார்.

"அப்ப மெஷினப் பிடுங்கு. அடைக்கலமாம்! பிள்ளயப் பிடுங்கினதுக்கு உங்க ஊர்ல அதான் பேரா?"

"சரிம்மா, அது அந்தக் காலம்..."

"அப்ப புதுக் கல்லுல அவங்க பேரப் போடு. போட்டா இப்பவே கையெழுத்துப் போடறேன்."

"நோயாளி பேர வெளிய சொல்லக் கூடாதும்மா. சட்டம். அவங்க மானம் காப்பாத்தணும்ல?"

"மானமா? பொதுக் குளியலறையில வரிசையா அம்மணமா நிக்க வெச்சுக் குழாய்ல தண்ணி அடிச்சப்ப எங்கடா போச்சு இந்த மானம்?"

கர்ட் காது சிவக்க, "நீங்க போடலன்னாலும் வேல நடக்கும்மா. போட்டா மரியாதையா இருக்கும்," என்று தாளையும் பேனாவையும் நீட்டினார்.

அர்டிஸ் டோனட் பெட்டியைத் தள்ளிவிட்டு, தாளை 214ஆம் கல்லின் மேல் வைத்தாள். கையெழுத்துக் கோட்டில் அழுத்தி எழுதினாள்: தியா நோவாட்னி. அதன் கீழே இன்னொரு பெயர். அதன் கீழே இன்னொன்று. ஓரங்கள் நிரம்பியதும் தாளைத் திருப்பினாள். பின்பக்கமும் நிரம்பியது.

தலை நிமிராமல் கர்ட்டின் பக்கம் கையை நீட்டினாள்.

"இன்னொரு தாள் குடு."