எழுதாமல் பூட்டின கிளிப்

"ஐயா, கொளுத்தாதேங்கோ!"

நான் கத்தின கத்தலிலை கோயில் வாசலிலை நிண்ட சனம் முழுக்கத் திரும்பிப் பாத்தது. ஐயரின்ரை கையிலை நெருப்புப்பெட்டி. தேங்காய்க்கு மேலை கற்பூரம். குணம் அண்ணை புதுசா வாங்கின பழைய காருக்குப் பூசை. மோட்டர் ஓடிக்கொண்டு நிக்குது, பின்சீற்றிலை அவற்றை ரெண்டு பெட்டையள், நாலு சில்லுக்கும் முன்னாலை தேசிக்காய்.

முன்சில்லுத் தேசிக்காய் நனைஞ்சு கிடந்தது. அண்டைக்கு மழையே இல்லை. எடுத்து மணந்து பாத்தாப் பிறகுதான் கத்தினன். பெற்றோல்!

"பிள்ளையளை முதல்லை இறக்குங்கோ!" எண்டன். குணம் அண்ணை ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். நான் திறப்பைத் திருப்பி மோட்டரை நிப்பாட்டினன். "என்ன தம்பி, என்ன நடந்தது?" எண்டு ஐயர் கேக்கிறார், நான் பொனட்டைத் திறந்து உள்ளுக்குக் குனிஞ்சிட்டன்.

நான் ஏன் அப்பிடிப் பதறினன் எண்டு அங்கை ஒருத்தருக்கும் தெரியாது. போன சனிக்கிழமை அந்தக் காரைத் திருத்தினது நான்தான்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, ஜேர்மனியிலை, கெல்சென்கிர்ச்சன் நகரத்திலை நான் கராஜ் மெக்கானிக்காய் இருந்த காலம் அது. சனிக்கிழமையிலை எங்கடை ஆக்களின்ரை கார் வரும். வீட்டுக்குப் பின்னாலை இருக்கிற பார்க்கிங்கிலை, "அண்ணை, ஒருக்காப் பாருங்கோவன்" எண்டு வந்து நிப்பினம். பில்லும் இல்லை, எழுத்தும் இல்லை. தேத்தண்ணியும் ரோல்சும் வரும், அவ்வளவுதான்.

அந்த மொடலிலை பெற்றோல் குழாய் மோட்டரோடை சேருற இடத்திலை ஒரு பிளாஸ்ரிக் மூட்டு. மணக்குது எண்டு கொண்டு வந்தால் ஒரு கிளிப்பைப் போட்டு இறுக்கி அனுப்பிவிடுவன். அப்பிடி நான் திருத்தின நாலாவது கார்தான் குணம் அண்ணையின்ரை. நாலிலையும் ஒரே இடம், ஒரே மணம். எனக்கு உறைக்கவே இல்லை.

கோயிலிலை நடந்ததைத் திங்கள் காலமை மைஸ்டரிட்டைச் சொன்னன். கராஜுக்குப் பெரியவர் அவர்தான். அவர் வாகனப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போன் எடுக்க, ஒரு விசாரணை அதிகாரி வந்தா. மூட்டைக் கழட்டி வெளிச்சத்திலை பிடிச்சா. மயிர் அளவு வெடிப்பு. கிளிப் இறுக்கின இடத்திலை அது இன்னும் நீண்டுபோயிருந்தது.

"இதுதான் முதல் காரோ?" எண்டு கேட்டா.

உண்மையைச் சொன்னால் சனிக்கிழமை வேலை வெளியிலை வரும். என்ரை வேலை போனாலும் போகும். ஆனால் அந்த ரெண்டு பெட்டையளும் கண்ணுக்குள்ளை நிண்டினம்.

"இல்லை. நாலாவது."

"மற்ற மூண்டும் எங்கை எழுதியிருக்கு?"

"ஒரு இடமும் இல்லை."

அதிகாரி பேனையை வைச்சா. "இந்த மூட்டைப் பற்றி மாசக்கணக்கா விசாரிக்கிறம். எங்கையோ ஒண்டு ரெண்டுதான் எண்டு கார்க் கொம்பனி சொல்லுது. முறைப்பாடு காணாது எண்டு ஃபைலை மூடப் போனனாங்கள். உங்கள் ஒருத்தரிட்டையே நாலு இருந்திருக்கு."

நான் உதவி செய்யிறன் எண்டெல்லோ நினைச்சுக்கொண்டு இருந்தனான்! "உனக்கென்ன விசரோ?" எண்டு மைஸ்டர் கத்தினார். எச்சரிக்கைக் கடிதம் தந்தார். வேலை மட்டும் தப்பினது.

மற்ற மூண்டிலை ரெண்டு காரைப் போன் பண்ணிப் பிடிச்சிட்டன். மூண்டாவது மாலா அக்காவின்ரை. "ஐயோ தம்பி, அதை வித்துப்போட்டனே! வாங்கினவனும் வேறை ஆருக்கோ குடுத்திட்டானாம்" எண்டா. அண்டையிலையிருந்து தீயணைப்பு வண்டிச் சத்தம் கேட்டாலே, அந்தக் காரோ எண்டு வெளியிலை ஓடிப்போய்ப் பாப்பன்.

கடைசியிலை றுக்றூஃப் வந்தது. அந்த மொடல் கார் வைச்சிருந்த எல்லாருக்கும் கடிதம் போய், மூட்டு மாத்தத் திருப்பிக் கூப்பிட்டினம். எங்கடை கராஜுக்கும் வந்துகொண்டே இருந்தது. ஒரு நாள் ஒரு ஜேர்மன் பொம்பிளை வெள்ளைக் கார் ஒண்டைக் கொண்டுவந்தா. பொனட்டைத் திறந்தன். என்ரை கிளிப். மாலா அக்காவின்ரை கார்! சுத்திவர ஈரம். பின்சீற்றிலை கைக்குழந்தை நித்திரை.

"முந்திப் பெற்றோல் மணந்ததாம். நல்ல வேலை தெரிஞ்ச ஒருத்தர் திருத்தினவராம், பயப்பிடத் தேவையில்லை எண்டு சொல்லித்தான் வித்தவை" எண்டு சிரிச்சுக்கொண்டு சொன்னா.

"அந்த ஒருத்தர் நான்தான்" எண்டன்.

அவா பின்கதவைத் திறந்தா. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியிலை போய் நிண்டா.

இந்தத் தொழிலுக்கு வாறவைக்கு எனக்குச் சொல்லத் தெரிஞ்சது இவ்வளவுதான்: என்ன கண்டாலும் எழுதிப்போட்டுத் தொடுங்கோ. நான் நாலு காரைத் திருத்தினன் எண்டு நினைச்சன். நாலையும் மறைச்சிருக்கிறன்.