வாய்ப்பு இருக்கிறது என்றார் டாக்டர்

என் அண்ணியைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் முதலில் ஈரத் துணியின் கனம் தெரிந்திருக்க வேண்டும். ஒரு பெரிய ஹோட்டலின் சலவைக்கூடத்தில் அவளும் நானும் வேலை பார்க்கிறோம். இரட்டைக் கட்டில் விரிப்பு காய்ந்திருந்தால் ஒரு கையால் அள்ளிக்கொண்டு போய்விடலாம். அதுவே நனைந்து மெஷினிலிருந்து வெளியே வரும்போது, தூங்கிப்போன பிள்ளையைத் தூக்குவதுபோல இடுப்பை முறித்துவிடும். அண்ணி நாள் முழுவதும் அப்படித்தான் தூக்குவாள். மெஷினிலிருந்து தள்ளுவண்டிக்கு, தள்ளுவண்டியிலிருந்து உலர்த்திக்கு. நான் அந்தப் பக்கம் காய்ந்த துணி மடிக்கும் மேஜையில் நின்று, வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருப்பேன். அதனால் அண்ணி எனக்கு வைத்த பெயர் வாயாடி. கூடத்தில் எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

அவள் ஈரப் பக்கம் போனதற்கும் நான் காய்ந்த பக்கம் நின்றதற்கும் காரணம் ஒன்றுதான். எங்கள் கூடத்தில் புதிதாகச் சேரும் பெண்ணிடம் சூப்பர்வைசர் அம்மா பெயர் கேட்பதற்கு முன்னால் கேட்கும் கேள்வி, "ஆபரேஷன் ஆயிடுச்சா?" கருத்தடை ஆபரேஷன் ஆகியிருந்தால் ஈரப் பக்கம். ஆகாதவர்கள் காய்ந்த பக்கம். வயிற்றில் ஒன்று தங்கியிருப்பது தெரியாமலே பாரம் தூக்கி ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது என்று அந்த அம்மாவுக்குப் பயம். ஆபரேஷன் ஆனவளின் முதுகு மட்டும் இரும்பா என்று நான் ஒருமுறை கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். கல்யாணமே ஆகாத எனக்குக் காய்ந்த பக்கம் கிடைத்ததில் அண்ணிக்கு ஒரே சிரிப்பு.

அப்போது அவள் சிரிக்கிறவளாகத்தான் இருந்தாள். மூத்தது பெண், இளையது பையன். பையன் பிறந்த கையோடு, அதே ஆஸ்பத்திரியில், அதே படுக்கையில் கருத்தடை செய்துகொண்டாள். என் அண்ணனும் தலையாட்டித்தான் நடந்தது. இரண்டு போதும், இருக்கிற வீட்டில் மூன்றாவதை எங்கே படுக்க வைப்பது என்று கேட்டவனே அவன்தான்.

பையனுக்கு மூன்று வயது முடியவில்லை. மூளைக் காய்ச்சல். காலையில் தலை வலிக்கிறது என்றான். மறுநாள் அவன் இல்லை. அதைப் பற்றி இதற்குமேல் எழுத எனக்குக் கை வராது.

எடுத்து அடக்கம் செய்துவிட்டு வந்து வீட்டில் எல்லோரும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தோம். அப்போது என் அண்ணன் அவளைப் பார்த்துச் சொன்னான்: "இன்னொன்னு பெத்துக்கவும் வழியில்லாம பண்ணிட்டியே."

கூடப் பிறந்தவன்தான், இருந்தாலும் சொல்கிறேன், அந்த நிமிஷம் அவன் வாயிலேயே ஒன்று போட்டிருக்க வேண்டும். துக்கத்தில் உளறினான் என்று விட்டுவிடலாம். ஆனால் துக்கத்தில் உளறியவன் பிறகாவது "உளறிட்டேன்" என்று சொல்ல வேண்டாமா? சொல்லவில்லை. அவன் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன். நாள் முழுக்க இருட்டுக் குழிக்குள் இறங்கி நின்று ஒருவரோடும் பேசாமல் வேலை செய்து பழகியவன். வீட்டிலும் அப்படியே ஆகிவிட்டான். சம்பளம் வரும், சாப்பாடு நடக்கும், மகளின் படிப்பு நடக்கும். அந்த ஒரு வார்த்தை மட்டும் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கவே இல்லை.

அண்ணி யாரிடமும் சொல்லாமல் என்னை மட்டும் அழைத்துக்கொண்டு ஒரு பெண் டாக்டரிடம் போனாள். கட்டிய கருக்குழாயைத் திரும்பச் சேர்க்க முடியுமா என்று கேட்பதற்காக. அந்தம்மா பரிசோதித்துப் பார்த்துவிட்டு, மிச்சம் இருக்கும் குழாய் போதாது, சேர்த்தாலும் பலன் சந்தேகம் என்றார்கள். பஸ்ஸில் வரும்போது அண்ணி ஜன்னலைப் பார்த்தபடி, "சரி, கேட்டாச்சு" என்றாள். அன்று மத்தியானமே வேலைக்கு வந்து ஈரத் துணி தூக்கினாள்.

இதெல்லாம் பழைய கதை. போன வருஷம் அவளுக்குப் பித்தப்பையில் கல் என்று சொன்னார்கள். சாப்பிட்டால் வலி, சாப்பிடாவிட்டாலும் வலி. ஆபரேஷனுக்கு நாள் கொடுத்தார்கள். அதற்கு முந்தின மாதம் அவளுக்கு மாதவிலக்கு வரவில்லை. அடுத்த மாதம் பட்டும் படாமலும் வந்து நின்றது. நாற்பதைத் தாண்டியவள், அதனால் நிற்கிற வயசு என்று அவளே தீர்மானித்துவிட்டாள். சலவைக்கூடத்தில் பெரியவர்கள், "விடுதலை வந்துடுச்சு, சாக்லேட் குடு" என்று கேட்டார்கள். வாங்கியும் கொடுத்தாள். அடிவயிற்றில் ஒரு பக்கமாகச் சுண்டியிழுத்தது. அதையும் கல்லின் கணக்கிலேயே சேர்த்துவிட்டோம்.

ஆபரேஷனுக்குக் குறித்த காலையில் வெறும் வயிற்றோடு நானும் அவளும் போய்ச் சேர்ந்தோம். மகளுக்குப் பரீட்சை, அண்ணனுக்கு எங்கோ ஒரு லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது. வார்டில் இருந்த சின்ன நர்ஸ் வழக்கமான கேள்வியெல்லாம் கேட்டாள். கருத்தடை ஆகிவிட்டது என்றதும் அவளே, "அப்ப யூரின் டெஸ்ட் தேவையில்ல" என்று அடுத்த படுக்கைக்குப் போய்விட்டாள். தியேட்டருக்கு அழைத்துப்போக வந்த வயதான சிஸ்டர் விடவில்லை.

"பிரெக்னன்சி டெஸ்ட் எங்கம்மா?"

"எனக்கு எதுக்கு சிஸ்டர்? ஆபரேஷன் பண்ணி என் பொண்ணு காலேஜே போயிட்டா."

"இருக்கட்டும். கர்ப்பப்பை இருக்கா?"

"இருக்கு."

"மாசாமாசம் வருதா?"

"நின்னு போச்சுன்னு நினைக்கிறேன்."

"நினைச்சா போதாது. மயக்க மருந்து குடுக்கறதுக்கு முன்னாடி எல்லாருக்கும் பாக்கறதுதான். போய்ட்டு வாங்க."

ஒரு வாய்த் தண்ணீரும் குடிக்காத உடம்பில் சிறுநீர் எங்கிருந்து வரும்? அண்ணி கழிப்பறைக்குள் போய் வெகுநேரம் வரவில்லை. நான் கதவைத் தட்டி, "என்ன அண்ணி, கிணறு வெட்டுறீங்களா?" என்று கேட்டேன். உள்ளேயிருந்து, "வாய மூடுடி வாயாடி, சிரிப்பு வந்தா இதுவும் வராது" என்று பதில் வந்தது. கொஞ்சூண்டு கொண்டுவந்து கொடுத்தாள்.

சிஸ்டர் திரும்பி வந்தபோது அவர் நடை மாறியிருந்தது. திரும்ப ஒருமுறை செய்து பார்த்தாராம். இரண்டு முறையும் இரண்டு கோடு.

"கர்ப்பம்னு காட்டுதும்மா."

அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்தாள். ஈரத் துணி தூக்குகிற கை அது, எலும்பு நொறுங்கிவிடும்போல வலித்தது. நான் விடுவித்துக்கொள்ளவில்லை.

பித்தப்பை ஆபரேஷனை நிறுத்தி வைத்தார்கள். மகப்பேறு டாக்டர் வந்தார், நரைத்த தலை, அமைதியான மனிதர். "கருத்தடை பண்ணினாலும் ரொம்ப அபூர்வமா இப்படி ஆக வாய்ப்பு இருக்கும்மா. ஆனா இப்படி ஆகும்போது கரு குழாயிலேயே தங்கிடறது ஜாஸ்தி. உடனே ஸ்கேன் பாக்கணும். அதுவரைக்கும் எதையும் முடிவு பண்ணிக்காதீங்க" என்றார். தெளிவாகத்தான் சொன்னார். எனக்கு இரண்டாவது பாதி காதில் விழுந்தது. அண்ணிக்கு முதல் பாதி மட்டும்தான் விழுந்தது.

ஸ்கேன் அறைக்கு வெளியே பெஞ்சு. உள்ளே ஏதோ விபத்துக் கேஸ், அதனால் காத்திருக்கச் சொன்னார்கள். அண்ணி வயிற்றின்மேல் கையை வைக்கவும் பயந்து, பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தாள். சூப்பர்வைசர் அம்மா ஆபரேஷன் முடிந்ததா என்று கேட்க போன் செய்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் "ஐயோ, நேத்துகூட அவ தூக்கினாளே! இனிமே ஈரப் பக்கம் காலே வைக்கக் கூடாதுன்னு சொல்லு" என்று அழ ஆரம்பித்துவிட்டார். அண்ணி அதைக் கேட்டு, "அந்தம்மாவ அழ வேணாம்னு சொல்லு. ஒன்னும் ஆகல, பத்திரமா இருக்கு" என்றாள். பத்திரமா இருக்கு என்கிறாளே! டாக்டர் சொன்னதை எடுத்துச் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டது.

நான் போனில் சொன்னதும் அண்ணன் காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டவன் மாதிரி ஓடிவந்தான். சட்டையெல்லாம் கிரீஸ். பெஞ்சில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். எப்போதும் நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் விடுகிறவன், அன்று விடவில்லை.

"நெஜமாவா?"

"ரெண்டு தடவ பாத்தாங்களாம்."

"வலிக்குதா?"

"லேசா. அது கல்லு வலி."

அவன் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். துடைத்துத் துடைத்துக் கிரீஸ் இன்னும் பரவியதுதான் மிச்சம். "மகளோட ரூம்ல இருக்கிற பெரிய அலமாரிய எடுத்துட்டா அங்க ஒரு தொட்டில் போடலாம்" என்றான். எங்கே படுக்க வைப்பது என்று அன்று கேட்டவன் இடம் பார்த்துவிட்டான். அண்ணி சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எவ்வளவு காலம் ஆகியிருந்தது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஸ்கேன் நிறைய நேரம் எடுக்கவில்லை. கர்ப்பப்பை காலி. வலது பக்கக் குழாயில் கரு, குழாய் வீங்கியிருக்கிறது, சுற்றி லேசாக ரத்தம் கசிய ஆரம்பித்துவிட்டது. டாக்டர் எங்கள் மூவரையும் உட்கார வைத்துச் சொன்னார்.

"இன்னைக்கே எடுக்கணும். வெடிச்சா உயிருக்கே ஆபத்து."

அண்ணி அவரையே பார்த்தாள். "டாக்டர், கொஞ்சம் நகத்தி கர்ப்பப்பைக்குள்ள விட முடியாதா?"

"முடியாதும்மா."

"பக்கத்துலதானே இருக்கு."

"பக்கத்துலதாம்மா இருக்கு. ஆனா அப்படி ஒரு வழி வைத்தியத்துல இல்ல. இருந்தா செய்ய மாட்டேனா?" அவர் குரலே கொஞ்சம் இறங்கிவிட்டது.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். சரி என்று எடுத்துக்கொண்டார் டாக்டர். பிறகு இன்னொன்று கேட்டார். "இடது பக்கமும் குழாய் இருக்கு. அதுவும் பழைய ஆபரேஷன்ல கட்டினதுதான். அத விட்டு வச்சா மறுபடி இதே மாதிரி ஆக வாய்ப்பு இருக்கு. உங்களுக்குச் சம்மதம்னா அதையும் சேர்த்து எடுத்துடறேன். என்ன சொல்றீங்க?"

அண்ணி நிமிர்ந்தாள். "வாய்ப்பு இருக்கா?"

"கம்மிதான். ஆனா இருக்கு."

"அப்ப அந்தப் பக்கத்த விட்டுடுங்க டாக்டர்."

அவருக்குப் புரியவில்லை. ஆபத்தைத்தான் சொல்கிறேன் என்று மறுபடி விளக்கினார். அடுத்ததும் பெரும்பாலும் குழாயில்தான் தங்கும், அடுத்த முறை இப்படி ஒரு டெஸ்ட்டில் முன்கூட்டியே தெரியும் என்று சொல்ல முடியாது, வீட்டில் வெடித்தால் வந்து சேர்வதற்குள் உயிர் போய்விடும் என்றார். அண்ணி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். "கர்ப்பப்பையில தங்கவே தங்காதுன்னு சொல்ல முடியுமா?" என்று மட்டும் கேட்டாள். பொய் சொல்லத் தெரியாத மனிதர், "அப்படிச் சொல்ல முடியாது" என்றார்.

"விட்டுடுங்க."

நான் அண்ணனைப் பார்த்தேன். பிள்ளை வேண்டுமென்று உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தவன் அவன்தான். இப்போதும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் பெண்டாட்டியைப் பறிகொடுப்பான். பேசுடா, பேசுடா என்று எனக்குள் கத்திக்கொண்டிருந்தேன். கடைசியில் பேசினான். நாற்காலியிலிருந்து எழுந்து, அவள் முன்னால் தரையில் குந்தி உட்கார்ந்து, கிரீஸ் கையாலேயே அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"வேணாம்மா. எடுத்துடச் சொல்லு. எனக்குப் பிள்ளை வேணாம், நீ இருந்தா போதும். அன்னைக்குச் சொன்னேனே, அது தப்பு. நீ பண்ணினது இல்ல, நாம ரெண்டு பேரும் சேந்து பண்ணினது. நீ போயிட்டா நான் என்ன பண்ணுவேன்?"

அண்ணி அவன் முகத்தையே பார்த்தாள். கோபம் இல்லை, சந்தோஷமும் இல்லை.

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமேங்க" என்றாள்.

பிறகு டாக்டர் பக்கம் திரும்பி, "ரெண்டையும் எடுத்துடுங்க" என்றாள்.

மாலைக்குள் ஆபரேஷன் முடிந்தது. நன்றாகவே செய்தார்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. மறுநாள் காலை டாக்டர் பார்க்க வந்தார். அந்த வயதான சிஸ்டரும் கூட வந்தார். அவர் மட்டும் டெஸ்ட் கேட்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அண்ணி அவரைப் பார்த்துக் கைகூப்பினாள். டாக்டர் தையலைப் பார்த்துவிட்டு, நல்ல மனசோடுதான் சொன்னார்: "இனிமே உங்களுக்கு வாய்ப்பே இல்லம்மா. நிம்மதியா இருங்க."

"சரிங்க டாக்டர்" என்றாள் அண்ணி.

அவர்கள் வெளியே போகும்வரை பொறுத்திருந்தாள். பிறகு அழுதாள். பையன் போன அன்றைக்குக்கூட அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. தையல் பிரிந்துவிடும் அண்ணி, அழாதீங்க என்று நானும் அழுதுகொண்டே சொன்னேன். அண்ணன் அவள் தலைமாட்டில் நின்றுகொண்டு, முந்தின நாள் சொன்னதையே, நீ போதும், நீ போதும் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் காதில் அது விழவே இல்லை.