கஷாயக்காவின் முதல் மடக்கு

கஷாயக்காவுக்கு ஒரு நோயும் கிடையாது. கல் மாதிரி உடம்பு. ஆனாலும் அந்தச் சந்தையில் அவளைவிட அதிகமாகக் கஷாயம் குடித்தவர்கள் யாரும் இல்லை. சளிக்குத் தூதுவளையோ, வயிற்று உப்புசத்துக்கு ஓமமோ, யாருக்கு எதைக் கொதிக்கவைத்தாலும் சொம்பின் மூடியில் கொஞ்சம் ஊற்றி முதல் மடக்கை அவள் குடிப்பாள். வாங்க வந்தவர் அதைப் பார்ப்பார். பிறகுதான் டம்ளர் கைமாறும். பதினோரு வருடமாக இதுதான் நடக்கிறது.

ஆசைப்பட்டா குடித்தாள்? குடிக்க வைத்தவள் அவளுடைய நாத்தனார்.

நாத்தனார் அதே சந்தையில் காய்கறி ஏலம் விடுகிறவள். அவள் வாயைத் திறந்தால் நாலு தெருவுக்குக் கேட்கும். கஷாயக்காவின் கணவன் லாரி ஓட்டியவன். மூவரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். அவனுக்கு இருமல் வந்தபோது, கஷாயக்கா விடியற்காலையில் கடைக்குக் கிளம்பும்முன் கஷாயத்தை பிளாஸ்கில் ஊற்றி வைத்துவிட்டுப் போவாள். ஒரு வாரத்தில் அவன் போய்ச் சேர்ந்தான். ஆஸ்பத்திரியில் மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள். காகிதத்தை யார் படித்தார்கள்? நாத்தனார் சந்தை நடுவில் நின்று, ஏலம் விடும் அதே குரலில், "இவ கஷாயம்தான் என் தம்பியை முடிச்சிடுச்சு!" என்று அலறினாள். அதைத்தான் எல்லோரும் கேட்டார்கள்.

மூன்று மாதம் கஷாயக்கா கடையில் ஈ ஓட்டினாள். கடைசியில் எதிர்க்கடைத் தையல்காரர் இருமிக்கொண்டே வந்தார். "தப்பா நினைச்சுக்காதம்மா. முதல்ல நீ ஒரு வாய் குடி" என்றார். கஷாயக்கா குடித்தாள். வாய் கசந்ததைவிட வயிறுதான் அதிகம் எரிந்தது. நல்ல மனுஷர்தான், ஆனால் அந்த வார்த்தையை அவள் மறக்கவில்லை. சொல்ல வைத்தவளையும் மறக்கவில்லை.

இப்போது கேளுங்கள். போன மாதம் அந்த நாத்தனாரின் குரல் அடியோடு போய்விட்டது. டாக்டர் தொண்டையைப் பார்த்து, பெரிதாக ஒன்றுமில்லை, பேசாமல் இருங்கள் என்றாராம். மருந்துக் கடைக்காரன் கொடுத்த மிட்டாயெல்லாம் சப்பி முடித்தாயிற்று. குரல் வந்தபாடில்லை. இன்னும் பத்து நாள் போனால் ஏலம் வேறொருவன் கைக்குப் போய்விடும். வேறு வழியில்லாமல், கடை மூடும் நேரமாகப் பார்த்து, முக்காடு போட்டுக்கொண்டு கஷாயக்காவின் முன்னால் வந்து நின்றாள். தொண்டையைத் தொட்டுக் காட்டினாள்.

கஷாயக்காவுக்கு உள்ளுக்குள் எப்படிக் குளிர்ந்தது தெரியுமா! முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

"இப்ப கிடையாது அண்ணி. நாளைக்குக் காலையில வாங்க. கூட்டம் நிறைய இருக்கும்போது வாங்க. ஏழு நாள். இங்கயே நின்னு குடிக்கணும்."

வந்தாள். வராமல் எங்கே போவாள்? கஷாயக்கா தொண்டைக்கு வேண்டிய அதிமதுரத்தைத் தட்டிப் போட்டாள். அதன் இனிப்பு நாக்குக்கு எட்டாதபடி கசக்கும் ஆடாதொடை இலையைத் தூக்கலாகப் போட்டாள். தேன் பாட்டில் அலமாரியில் இருந்தது. அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். டம்ளரை நீட்டினாள். நாத்தனார் வாங்கவில்லை. மூடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பாக்குறீங்க? ஊருக்கெல்லாம் நான் முதல்ல குடிப்பேன். உங்களுக்கு மட்டும் மாட்டேன். வேணும்னா குடிங்க, வேண்டாம்னா போங்க."

சந்தையே வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது. நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டு மடமடவென்று குடித்தாள். அடுத்த நாளும் குடித்தாள். அதற்கடுத்த நாளும்.

ஐந்தாம் நாள் டம்ளரைக் கீழே வைத்தபோது அவள் தொண்டையிலிருந்து கரகரவென்று ஒரு சத்தம் வந்தது. "கசக்குது" என்றாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். கஷாயக்கா சிரிக்கவில்லை.

"குரல் வந்துருச்சில்ல? இப்ப சொல்லுங்க. என் கஷாயமா அவரைக் கொன்னுச்சு?"

நாத்தனார் சுற்றிலும் பார்த்தாள். தலை குனிந்தாள்.

"அவன் உன் கஷாயத்தைக் குடிக்கவே இல்ல. நீ கிளம்பினதும் தினமும் நான்தான் பாத்திரம் கழுவுற தொட்டியில ஊத்தினேன். உன் பேச்சைத்தான் கேப்பான், என்னை ஒரு மனுஷியாக்கூட மதிக்க மாட்டான்னு ஆத்திரம்."

பதினோரு வருடம்!

"அப்போ, தெரிஞ்சேதான் பழி போட்டீங்களா?"

நாத்தனார் தலையை ஆட்டினாள்.

"ஆட்டினா பத்தாது. வாயால சொல்லுங்க."

"தெரிஞ்சேதான் சொன்னேன்."

வரிசையில் அடுத்து நின்றவர் அதே தையல்காரர். கஷாயக்கா பழக்கதோஷத்தில் அவருடைய கஷாயத்தை மூடியில் ஊற்றப் போனாள். அவர் டம்ளரை அவள் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கி, ஒரே மூச்சில் குடித்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவள் முகத்தைப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை.

நாத்தனார் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நகர்ந்தாள்.

"அண்ணி, நில்லுங்க" என்றாள் கஷாயக்கா, காலி டம்ளரைக் கழுவியபடி. "இன்னும் ரெண்டு நாள் பாக்கி இருக்கு. இப்ப சொன்னது பக்கத்துக் கடைக்குக்கூடக் கேக்கல. ஏழாம் நாள் ஏல மேடையில ஏறி நின்னு சொல்லணும். அன்னைக்குச் சொன்னீங்களே, அதே குரல்ல."