விட்டுப் படித்த பக்கங்கள்

மரியநாயகம் தேயிலைத் தோட்டத்துத் தபால்காரர். காலையில் தோல்பையை மாட்டிக்கொண்டு மலையிறங்குவார், தெமோதரைத் தபால் கந்தோரில் கடிதங்களை வாங்கிக்கொண்டு ஏறிவருவார். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பாதிப் பேருக்கு எழுத்துத் தெரியாது. கடிதங்களை உரக்கப் படித்துச் சொல்வதும் அவர்தான்.

அந்தப் பழக்கம் வளர்ந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் புத்தகம் படித்துக் காட்டுவதில் வந்து நின்றது. கொழுந்துக்குப் போகும் தாய்மார் முன்பு குழந்தைகளை விட்டுப்போன பழைய பிள்ளைக்காம்பரா சும்மா கிடந்தது. மாலையில் கொழுந்து நிறுக்கும் கணக்கப்பிள்ளை ரெங்கசாமி சாவியைக் கொடுத்தபோதே சொன்னார்.

"யூனியன், கட்சி ஒண்ணும் உள்ள வரக்கூடாது. வந்தா பூட்டிருவேன். ஒரச் சாக்கு வைக்க எடமில்லாமக் கெடக்கு."

மனைவி இறந்தபின் மரியநாயகத்துக்கு வாரம் என்றால் அந்த ஞாயிறுதான். மற்ற நாட்கள் ஏற்றமும் இறக்கமும்.

நிலவில் மனிதன் இறங்கிய வருடம், கொழுந்து பறிக்கும் அகஸ்டினா கேட்டாள்: "நெலாவுல கால வச்சானே அமெரிக்காக்காரன், அவன் யாருங்க? எங்கேருந்து முளைச்சான்?"

யாருக்கும் தெரியவில்லை. தூரதேசத்துச் சரித்திரம், வம்பில்லாத விஷயம் என்று அவருக்குப் பட்டது. பதுளைக்குப் போய் ஸரூக் நாநாவின் புத்தகக் கடையில் ஏறினார். நாநா மூன்று அமெரிக்கச் சரித்திரங்களை எடுத்துப் போட்டார். மரியநாயகம் ஒவ்வொன்றையும் திறந்து குரலெடுத்துப் படித்தார்.

"இது கடை, மனுசன், ஒங்கட கோயில் இல்ல," என்றார் நாநா.

"காதுல ஏறுதான்னு பாக்குறேன் நாநா."

முதல் புத்தகத்தில் ஒரு வாக்கியம் முடிவதற்குள் மூச்சு முட்டியது. இரண்டாவது முழுக்க ஜனாதிபதிகளின் பெயர்கள்.

"இதப் படிச்சா காலையில பெரட்டுக்களத்துல பேரு கூப்புடுற மாதிரி இருக்கும். அவனவன் எந்திரிச்சு வேலைக்குப் போயிருவான்."

மூன்றாவது மெலிந்த புத்தகம். வாக்கியங்கள் சின்னச் சின்னதாக, யாரோ எதிரில் உட்கார்ந்து சொல்வதுபோல இருந்தன. அதையே வாங்கினார்.

முதல் ஞாயிறு, அமெரிக்காவில் முதலில் குடியேறியவர்களின் குளிரும் சோளமுமாக நன்றாகப் போனது. அடுத்த ஞாயிறு புத்தகத்தில் அடிமைக் கப்பல் வந்தது. அடித்தட்டில் ஆட்களை அடுக்கிக் கொண்டுவந்தார்கள். செத்தவர்களைக் கடலில் போட்டார்கள். மிஞ்சியவர்களைப் பருத்தித் தோட்டத்தில் நிறுத்தினார்கள். மாலையில் ஒருவன் கூடை கூடையாக நிறுத்துப் பார்த்து, குறைந்தவனை அடித்தான்.

தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் வீரய்யா கையைத் தூக்கினான். "அண்ணே, செத்த நிப்பாட்டுங்க. நிறுத்துப் பாக்குறானே, அவன் பேரு போட்டிருக்கா? ரெங்கசாமியா?"

அறையே சிரித்தது. மரியநாயகமும் சிரித்துவிட்டு நிமிர்ந்தார். வாசலில் கணக்கப்பிள்ளை நின்றிருந்தார். சிரிக்கவில்லை. விருட்டென்று திரும்பி நடந்தார்.

அந்த வாரம் முழுவதும் மரியநாயகம் பையோடு, அறையைப் பூட்டிவிடுவாரோ என்ற பயத்தையும் சுமந்தார். அடுத்த ஞாயிறு முப்பது பக்கம் தாண்டி, ரயில்பாதையிலிருந்து தொடங்கினார். எண்ணெய்க் கிணறு, வானம் தொடும் கட்டடம்.

"அந்தக் கப்பல்ல வந்த சனம் என்னாச்சுங்க?" என்றாள் அகஸ்டினா.

"அத்தோட முடிஞ்சிருச்சு."

"முடிஞ்சிருச்சுன்னா? செத்துட்டாங்களா, இல்ல திருப்பி அனுப்பிட்டாங்களா?"

இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பும் பட்டியலில் யார் பெயர் வரும் என்று எல்லா லயமும் காத்திருந்த காலம் அது.

"புஸ்தகத்துல இல்லம்மா."

வீரய்யா எழுந்து வந்து புத்தகத்தை வாங்கிப் புரட்டினான். படிக்கத் தெரியாது. படம் பார்க்கத் தெரியும். அறுந்த சங்கிலியோடு ஒருவன் நிமிர்ந்து நிற்கும் பக்கத்தில் விரலை வைத்துப் பார்த்தான். பிறகு மூடிக் கொடுத்தான்.

"ஆமாங்க. இல்லதான்."

'அண்ணே' என்ற அழைப்பு போய்விட்டது.

அடுத்தடுத்த ஞாயிறுகளில் கூட்டம் உதிர்ந்தது. கடைசியாக அகஸ்டினாவும் வருவதை நிறுத்தினாள். மழைக்காலத்தில் கணக்கப்பிள்ளை சாவி கேட்டு வந்தார்.

"ஆளே வர்றதில்லையாமே. ரூம்பு சும்மாதானே கெடக்கு."

மரியநாயகம் சாவியை நீட்டினார்.

"ஆமா, அந்தக் கப்பல் கதைய ஏன்யா விட்டுட்ட? எங்க தாத்தாவும் இந்தியாவுல மண்டபத்துலேருந்து கப்பல் ஏறி வந்தவருதான். மிச்சத்தக் கேட்டுட்டு வாங்கன்னு வீட்டுல ஒரே நச்சரிப்பு."

"ஐயா அன்னிக்குக் கோவமாப் போனீங்களே..."

"கோவந்தான். அதுக்காகக் கதைய நிறுத்தச் சொன்னேனா?"

உரச் சாக்குகள் வந்து இறங்கின. முதல் சாக்கைச் சுமந்து வந்தவன் வீரய்யா. வாசலை அடைத்துக்கொண்டு நின்ற மரியநாயகத்திடம், "கொஞ்சம் தள்ளுங்க," என்றான், முகம் பார்க்காமல்.